ஆற்றங்கரைக் குழாய்

என் கணவர் ஒரே ஒரு தவணைதான் மாநில சட்டசபையில் இருந்தார். அரசாங்கம் நியமித்த பதவி. தோட்டத் தொழிலாளர் கூலியைக் குறைத்ததைப் பற்றி அங்கே கொஞ்சம் சூடாகப் பேசிவிட்டார், மறுபடி கூப்பிடவில்லை. பிறகு கிள்ளானில் நகர வாரியத்தில் குடிநீர், சுகாதாரம் பார்க்கும் அதிகாரியானார். சனங்களுக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. அவர் சொன்னால் வெள்ளைக்காரத் துரைமார் கேட்பார்கள் என்றே நம்பினார்கள்.

ரப்பர் விலை விழுந்தபோது பந்திங் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் ஆட்களை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். குடும்பம் குடும்பமாக நடந்து வந்து, ஆற்றங்கரையில் சாக்கையும் தகரத்தையும் கட்டிக்கொண்டு தங்கினார்கள். கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்புவதாக அரசாங்கம் சொன்னது. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் அங்கே யாரிடம் போவார்கள்?

தண்ணீரை நிறுத்தினால் தானாகக் கலைவார்கள் என்று வாரியத் தலைவரான துரை அங்கிருந்த பொதுக்குழாயைப் பூட்டச் சொன்னார். என் கணவர் மறுத்தார். வேறு ஆளை வைத்துப் பூட்டிவிட்டு, சாவியை எங்கள் வீட்டில் அவர் மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள்.

எங்கள் கிணற்றில் இறைத்துக் கொடுத்தோம். வெயில் ஏறுவதற்குள் சேறுதான் வந்தது. ஒருநாள் ஓர் ஆள் பெண்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

“ஐயா, பிள்ளைக்கு வயித்தால போவுது. ஆத்துத் தண்ணியத்தான் குடுக்கிறோம். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கய்யா.”

குழந்தையை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, அன்றே ரயிலேறிக் கோலாலம்பூரில் மேலதிகாரியான துரையைப் பார்க்கப் போனார். சாயங்காலம் திரும்பி வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

“என்னங்க சொன்னாங்க?”

“உள்ளேயே விடல. இப்ப நீங்க மெம்பர் இல்லையேன்னு வாசல்ல எழுதிக்கிட்டிருந்த கிராணி சொல்லிட்டான்.”

மறுநாள் காலையில் அந்த ஆள் மட்டும் வந்தார். அழவில்லை. எங்கே புதைக்கலாம் என்று மட்டும் கேட்டார். என் கணவர் கூடவே போய், குழி மூடும்வரை நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து மேசையிலிருந்து குழாய்ச் சாவியை எடுத்தார்.

“வேலை போயிடும்,” என்றார்.

“போகட்டுங்க.”

“இந்த வீடும் வாரியத்தோடதுதான்.”

எங்கள் பிள்ளைகள் இரண்டு பேரும் அடுப்படியில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் சரி என்று தலையை ஆட்டினேன்.

பட்டப்பகலில் குழாயைத் திறந்தார். பெண்கள் குடம், சட்டி, பிஸ்கட் டின் என்று கையில் கிடைத்ததிலெல்லாம் பிடித்தார்கள். மத்தியானத்துக்குள் போலீஸ் வந்து மறுபடி பூட்டிவிட்டது. வேலையும் வீடும் ஒரே உத்தரவில் போயின.

நாங்கள் சாமான் கட்டிய வாரத்திலேயே ஆற்றங்கரைக் குடிசைகளைப் பிரித்துப்போட்டு, எல்லாரையும் லோரியில் ஏற்றித் துறைமுகத்துக்குக் கொண்டுபோனார்கள். குழந்தையைப் பறிகொடுத்தவரின் மனைவி ஏற மாட்டேன் என்று மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். “எம்புள்ள இங்கதான கெடக்கு,” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். இரண்டு பேர் தூக்கி ஏற்றினார்கள். என் கணவர் குறுக்கே போனார். ஒரு போலீஸ்காரன் தள்ளிவிட்டான். விழுந்தவரை எழுப்ப நான்தான் ஓடினேன்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அறை கிடைத்தது. அவருக்கு வேலை கொடுக்க எல்லாரும் பயந்தார்கள். நான் இட்லி சுட ஆரம்பித்தேன். ரயில்வே பட்டறை வாசலில் கூடையோடு உட்கார்ந்து அவர்தான் விற்றார். மீந்ததை நாங்கள் சாப்பிட்டோம். மீதமாகாது என்று தெரிந்த நாட்களில் பிள்ளைகளுக்கு மட்டும் முதலிலேயே எடுத்து வைத்தேன்.