எதிர்ப்பக்கத்துத் தண்ணீர்

போன வாரம் சனிக்கிழமை மத்தியானம் எங்கள் லேப்புக்கு ஒரே ஒருவருடைய ரத்தம்தான் வந்தது. அதில்தான் சிக்கல்.

நான் ஈப்போவில் ஒரு சின்ன லேப்பில் ரத்தம் பிரிக்கிறவன் என்பது வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும். எடுத்த ரத்தத்தை அசைக்காமல் உறைய விட வேண்டும். அப்புறம் மெஷினில் வைத்து வேகமாகச் சுற்ற வேண்டும். சிவப்பு கீழே தங்கும், மஞ்சள் நீர் மேலே நிற்கும். டெஸ்ட் அந்த மஞ்சளில்தான். மெஷின் தானாக நிற்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும்... அவசரப்பட்டுக் கையால் நிறுத்தினால், பிரிந்தது மறுபடியும் கலந்துவிடும்.

ஆனால் ஒற்றை ட்யூபை வைத்துச் சுற்ற முடியாது. எழுபதுகளில் என்னோடு வேலை பார்த்த சீன நண்பர் ஒருவர் அப்படிச் சுற்றிப் பார்த்தார். மெஷின் ஆட ஆரம்பித்து, மேசைமேல் நகர்ந்து, கதவைத் தேடிப் புறப்பட்டுவிட்டது. இரண்டு பேரும் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றோம்.

அதனால் வேறு ஆள் வராத நாளில் இன்னொரு ட்யூபில் தண்ணீர் ஊற்றி நேர் எதிரே வைப்போம். இரண்டின் மட்டமும் ஒன்றாக இருந்தால் போதாது — தண்ணீரைவிட ரத்தம் கனம். தராசில் வைத்துச் சொட்டுச் சொட்டாக எடையைச் சரிபார்க்க வேண்டும்.

சனிக்கிழமை வந்தவர் பெயர் லெட்சுமி. தெலுக் இந்தான் பக்கத்துத் தோட்டத்திலிருந்து, வெறும் வயிற்றோடு, தனியாக பஸ் ஏறி வந்திருந்தார். யார் மூத்தவர் என்று தெரியாததால் நான் அவரை அக்கா என்றேன், அவர் என்னை அண்ணே என்றார். ஈப்போவில் பாதி உறவு இப்படித்தான் ஓடுகிறது.

நான் தண்ணீர் ஊற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது யாரோடதுண்ணே?"

"யாரோடதும் இல்லக்கா. வெறும் தண்ணி. எதிர்ல ஒண்ணு வைக்கலன்னா மெஷின் ஆடும்லா."

"எனக்கும் அப்படி ஒண்ணு ஊத்திக் கொடுங்கண்ணே," என்றார். சிரிக்கவில்லை.

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். பித்தப்பையில் கல். செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். துணைக்கு ஓர் ஆள் வந்தால்தான் சேர்த்துக்கொள்வோம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். புருஷன் இல்லை. ஒரே மகன் சிங்கப்பூரில், லீவு கிடைக்கவில்லை. தோட்டத்தில் ரப்பர் மரங்களை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை போட்டபோது, லயத்து வீடுகளில் இருந்தவர்கள் ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள்.

"ஆபரேஷன் வேணாம்னு சொல்லிடப் போறேண்ணே. வலி பழகிப் போச்சு."

வலி பழகுமா?

என் மனைவி போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. குனோங் ராபாட் வீட்டிலிருந்து கிளம்பும்போது நான் ரேடியோவை அணைப்பதில்லை. சாயங்காலம் கதவைத் திறக்கிறபோது உள்ளே யாராவது பேசிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரர் கரண்ட் பில்லைச் சொல்லிக் கேலி செய்கிறார். செய்யட்டும். தனிமை பொல்லாதது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

எடையைச் சரிபார்த்து இரண்டு ட்யூபையும் எதிரெதிரே வைத்துச் சுற்ற விட்டேன், மெஷின் தானாக நின்றதும் வெளியே எடுத்தேன்.

"செவ்வாய்க்கிழமை எனக்கு வேலை இல்லக்கா. நான் வாரேன்," என்றேன். பொய். லீவு கேட்டு முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டார்: "நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?"

"அண்ணன்."

அவர்தானே அப்படிக் கூப்பிட்டார்?

பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். செய்வதற்கு ஒன்றுமில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது, தெரிந்தாலும் உதவ முடியாது. சுற்றி முடித்ததும் அந்தத் தண்ணீரை நாங்கள் சிங்கில் கொட்டிவிடுவது ஞாபகம் வந்தது. நாளைக்கு என்னையும் யார் நினைக்கப் போகிறார்கள்?

சாயங்காலம் கண் திறந்தார். முதலில் கேட்டது கல்லைப் பற்றி இல்லை.

"சாப்பிட்டீங்களாண்ணே?"

அதை என்னிடம் ஒருவர் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று... "சாப்பிட்டேன்க்கா," என்றேன். இன்னொரு பொய்.

வீட்டுக்கு வந்தேன். ரேடியோ தனக்குத்தானே பாடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அதை அணைத்தேன். மறுநாள் காலையில் மறுபடியும் போட்டுவிட்டுத்தான் கிளம்பினேன், அது வேறு விஷயம்.

நான் வெறும் தண்ணிதான். ஆனால் செவ்வாய்க்கிழமை மெஷின் ஆடவில்லை.