வெர்டெல் போட்ட சிவப்புக் குறிப்பு

பகல் பன்னிரண்டு மணி ஆனாலும் வெர்டெல் ப்ரூவிட் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்க மாட்டாள். முதலில் வீட்டுக்குப் போன் போட்டாக வேண்டும். மகன் டெஸ்மண்ட் உடனே எடுக்க மாட்டான் என்பது அவளுக்கே தெரியும். கார் ஷெட்டில் யாருடைய புல் வெட்டும் மிஷினையாவது பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இரண்டு காதிலும் தடித்த மூடி. ஈராக் போரிலிருந்து திரும்பிய நாளிலிருந்து சத்தம் என்றால் அவனுக்கு ஆகாது. இருபது தடவை மணி அடித்த பிறகு எடுத்து, "உயிரோடதாம்மா இருக்கேன், நீ சாப்பிடு" என்பான். அதற்குப் பிறகுதான் இவளுக்குத் தொண்டைக்குள் ஏதாவது இறங்கும்.

அவள் வேலை பார்ப்பது போலீஸ் ஸ்டேஷனின் பின்கட்டில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில். அமெரிக்காவில், தெற்கு ஜார்ஜியாவில் இருக்கிற மெர்ரிட் க்ரீக் என்ற சின்ன ஊர் அது. அங்கே யாருக்கு நெஞ்சு வலித்தாலும், யார் வீட்டுக் கதவை யார் உடைத்தாலும், அவசர அழைப்பு அந்த அறைக்குத்தான் வரும். இரண்டு நாற்காலிகள். ஒன்றில் வெர்டெல், முப்பத்து மூன்று வருஷமாக. மற்றதில் ட்வைலா ஹேட்சர், பதினேழு வருஷமாக. இவள் கறுப்பு, அவள் வெள்ளை. நடுவில் ஒரு தட்டு அவித்த நிலக்கடலை. ஒருத்தி உரித்தால் இன்னொருத்தி எடுத்துத் தின்பாள். பேரப்பிள்ளை கதையிலிருந்து முட்டிவலி வரைக்கும் அந்த இரண்டு பேருக்குள் ஒளிவுமறைவு கிடையாது. அப்படித்தான் வெர்டெல் நினைத்துக்கொண்டிருந்தாள்.

போலீஸ் அவள் ரத்தத்தில் வந்தது. அது பெருமையா பீடையா என்று அறுபத்தோரு வயதிலும் அவளால் சொல்ல முடியவில்லை. ஸ்டேஷன் நடையில் வரிசையாகப் படங்கள் மாட்டியிருக்கிறார்கள். முதல் படத்தில் ஒருவன் குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறான், காலடியில் நான்கு நாய்கள். 'ஊர்க் காவலின் முன்னோடி' என்று கீழே எழுதியிருக்கிறது. என்ன முன்னோடி, வெங்காயம்! தப்பி ஓடிய அடிமைகளை நாயை விட்டுப் பிடித்தவன் அவன். கறுப்பர் வீட்டில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் இது தெரியும். அந்த வரிசையில் வெர்டெலின் அப்பா எஸெலின் படம் மட்டும் இல்லை. 1956-இல் இந்த ஊர் முதன்முதலாக வேலைக்கு எடுத்த இரண்டு கறுப்புப் போலீஸ்காரர்களில் அவர் ஒருவர். வெள்ளைக்காரர் யாரையும் கைது செய்யக் கூடாது. ஸ்டேஷன் முன்வாசல் வழியாக வரக் கூடாது. சவ அடக்கக் கடையின் பின்னறையில் யூனிஃபார்ம் மாற்றிக்கொண்டு ரோந்து போவார். அவர் தெருக்காரர்களே அவரை "வெள்ளைக்காரன் நாய்" என்று முதுகுக்குப் பின்னால் ஏசினார்கள். அந்த மனிதருக்கு ஒரு வழக்கம் இருந்தது. எந்தக் கதவையும் நேராக நின்று தட்ட மாட்டார். ஓரமாக நின்று, தொப்பியைக் கழற்றி, "எஸெல் வந்திருக்கேன்" என்று முதலில் தன் பெயரைச் சொல்வார். அப்புறம்தான் கை கதவுக்குப் போகும். தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். பயம்தான். உள்ளே இருப்பவனும் பயந்து போயிருப்பான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

வெர்டெலின் பயம் வேறு மாதிரி. 1999-இல் ஒரு வீட்டுக்கு டேல் என்ற போலீஸ்காரரை அனுப்பினாள். அந்த வீட்டுக்காரன் துப்பாக்கிப் பைத்தியம் என்று அவளுக்கு அரைகுறையாகத் தெரியும். வேலை மும்முரத்தில் சொல்ல விட்டுப்போயிற்று. டேலின் தொடையில் குண்டு பாய்ந்தது. இன்றைக்கும் அவர் காலை இழுத்துக்கொண்டுதான் நடக்கிறார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பெக்கான் கொட்டை வைத்த 'பெக்கான் பை' என்ற பலகாரம் சுட்டு எடுத்துவந்து வெர்டெல் கையில் கொடுப்பார். பழைய கதையைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். திட்டியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும், பாவி மனுஷன்!

அதற்குப் பிறகுதான் சிவப்புக் குறிப்பு போடுவதில் அவளை மிஞ்ச ஆளில்லாமல் போயிற்று. சந்தேகமான வீடு என்றால் கணினியில் அந்த முகவரிக்குக் கீழே எச்சரிக்கை எழுதிவைக்கலாம். அடுத்த தடவை அங்கே போலீஸ் போகும்போது அது சிவப்பு எழுத்தில் திரையில் வந்து நிற்கும். போகிறவர்களுக்கு அதை வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. குறிப்பு எழுத யார் அனுமதியும் வேண்டாம். அழிக்க வேண்டுமென்றால் படிவம், விசாரணை, போலீஸ் தலைவர் கையெழுத்து, இரண்டு மாதம். அதனால் யாரும் அழிப்பதில்லை. ஆள் மாறுவான், வீடு கைமாறும், குறிப்பு மட்டும் அப்படியே கிடக்கும்.

அன்றைக்கு மூன்று மணி இருக்கும். கார்வர் தெருவிலிருந்து ஒரு பெண்மணி கூப்பிட்டாள்.

"முப்பத்தொன்பதாம் நம்பர் வீட்டுல வில்லர்டுன்னு ஒரு பெரியவர் இருக்கார்மா. ரெண்டு நாள் பேப்பர் வாசல்லயே கெடக்கு. டிவி மட்டும் ஊரையே தூக்குற மாதிரி அலறுது. கதவத் தட்டித் தட்டி என் கைதான் போச்சு."

"அவருக்குக் காது எப்படிங்க?"

"சுத்தம்! பக்கத்துல குண்டு வெடிச்சாலும் திரும்ப மாட்டார்."

வெர்டெல் நாலாம் நம்பர் ரோந்து வண்டியை அனுப்பினாள். அதில் இருந்தவன் ப்ரான்ட்லி, பயிற்சி முடித்து ஆறு மாதம்கூட ஆகாதவன். பதினான்கு பேர் இருக்க வேண்டிய ஸ்டேஷனில் ஒன்பது பேர்தான். யாரும் இந்த வேலைக்கு வர மாட்டேன் என்கிறார்கள், வந்தவர்களும் நிற்பதில்லை. துணைக்கு இன்னொரு வண்டி என்றால் இருபது நிமிஷமாவது ஆகும். முகவரியைத் தட்டியதும் திரையில் சிவப்பு வந்தது. அவள் விதிப்படி வாசித்தாள்.

"நாலாம் வண்டி, கவனம். வீட்டில் இருப்பவனிடம் ரைஃபிள் இருக்கிறது. போலீஸ் வந்தால் சுடுவேன் என்று சொல்லியிருக்கிறான்."

ரேடியோவில் ப்ரான்ட்லியின் குரல் ஒரு படி இறங்கிவிட்டது. "புரிஞ்சுது. வண்டிய ரெண்டு வீடு தள்ளி நிறுத்துறேன். துப்பாக்கிய வெளில எடுத்துக்கறேன்."

அதற்குப் பிறகுதான் வெர்டெல் குறிப்பின் கடைசியைப் பார்த்தாள். 2009. எழுதியவர்: வெ.ப்.

வெர்டெல் ப்ரூவிட். அது அவள் எழுதியது. அப்போது அந்த வீட்டில் வாடகைக்கு இருந்தவன் ராய்ஸ் கட் என்கிற ஒருத்தன். பெண்டாட்டி விட்டுப் போன அன்று குடித்துவிட்டு இவளிடம்தான் போனில் அப்படிக் கத்தினான். அவன் எப்போதோ அலபாமா பக்கம் போய்விட்டதாக முடி வெட்டும் கடையில் யாரோ சொன்னார்கள். கேள்விப்பட்டதுதான், கண்ணால் பார்க்கவில்லை. ஒருவேளை அவன் திரும்பி வந்திருந்தால்? வில்லர்டு அவன் சித்தப்பாவாக இருந்தால்? அந்த ரைஃபிள் இன்னும் உள்ளே இருந்தால்?

அங்கே நடக்கப்போவது அவள் கண்ணுக்குத் தெரிந்தது. பயந்துபோன பையன் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு "கையைக் காட்டு" என்று கத்துவான். காது கேட்காத கிழவர் காட்ட மாட்டார். அப்புறம்? அப்புறம் எல்லாம் இரண்டு விநாடிதான். சொந்தக் கருத்தை ரேடியோவில் சொல்லக் கூடாது என்பதும் விதி. டேல் காலை இழுத்துக்கொண்டு பெக்கான் பையோடு வருவது ஒரு பக்கம் தெரிந்தது, முகம் தெரியாத வில்லர்டு ஒரு பக்கம். திரையில் இருந்த வரைபடத்தில் நாலாம் வண்டியின் புள்ளி நின்றுவிட்டது.

வெர்டெல் பொத்தானை அமுக்கினாள்.

"ப்ரான்ட்லி, கேளுப்பா. அந்தக் குறிப்பு நான் எழுதினது. பதினஞ்சு வருஷம் ஆச்சு. அது வேற ஆளு. இப்ப இருக்கிற பெரியவருக்குக் காது கேக்காது. நீ கத்தினா அவருக்குத் தெரியாது."

"மிஸ் வெர்டெல், நிச்சயமா தெரியுமா உங்களுக்கு?"

பக்கத்து நாற்காலியில் ட்வைலா கடலையைக் கையிலேயே வைத்துக்கொண்டு இவளைப் பார்த்தாள். வெர்டெலுக்குப் பொய் சொல்லிவிடலாம் என்று இருந்தது.

"தெரியாது. பழைய ஆளு போயிட்டான்னு கேள்விதான். காது விஷயம் மட்டும் பக்கத்து வீட்டம்மா இப்ப சொன்னது. நேரா வாசல்ல நிக்காதே. ஓரமா போய் ஜன்னல் வழியா பாரு. அவரு உன்னப் பாக்கறதுக்கு நேரம் குடு. உனக்கும் கொஞ்சம் நேரம் குடுத்துக்கோ."

அறையில் ஏசி சத்தம் மட்டும். ட்வைலா இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு நிமிஷம் போயிற்று. அது நிமிஷமா, ஒரு ஜென்மமா!

"தரையில கெடக்கார்," என்றான் ப்ரான்ட்லி. மூச்சு வாங்கியது. "சமையல் ரூம்ல. கையில நீளமா என்னமோ இருக்கு. விசை மாதிரி பிடி வச்சிருக்கு. என்னப் பாத்து நீட்டறார், மிஸ் வெர்டெல். நீட்டறார்."

இனி சொல்ல அவளிடம் ஒன்றும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

"கவ்வி!" ப்ரான்ட்லி அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை. "அலமாரி மேலருந்து டப்பா எடுப்பாங்களே, அந்தக் கவ்வி. அத வச்சு மேஜை மேல இருக்கிற போனை இழுக்கப் பாத்திருக்கார் போல. இடுப்பு ஒடைஞ்ச மாதிரி தெரியுது. ஆம்புலன்ஸ் அனுப்புங்க. உயிரோட இருக்கார்."

ஆம்புலன்ஸ் போயிற்று. வில்லர்டு பிழைத்தார். அரைமணி கழித்து ப்ரான்ட்லி ஆஸ்பத்திரி வாசலிலிருந்து தன் சொந்தப் போனில் கூப்பிட்டான். "என் விரல் விசை மேல இருந்துச்சு, மிஸ் வெர்டெல். இத வேற யார்கிட்டயும் சொல்லல," என்றான். "வீட்டுக்குப் போயி சூடா எதாச்சும் சாப்பிடுப்பா" என்று மட்டும் சொன்னாள். நாலரை மணிக்கு மேலதிகாரி வந்து, ரேடியோவில் சொந்தக் கருத்துச் சொன்னதற்கு ஓர் எச்சரிக்கைக் கடிதத்தை நீட்டினார். "தப்பா நினைக்காதீங்க, நல்ல காரியம்தான், ஆனா விதி விதிதானே" என்று இழுத்தார். படிக்காமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

அவள் மனசு வேறிடத்தில் இருந்தது. கணினியிடம் 'வெ.ப்.' என்று கேட்டாள். இருநூற்றுப் பதினான்கு குறிப்புகள். அதில் செத்தவர்கள் எத்தனை பேர், ஊரை விட்டுப் போனவர்கள் எத்தனை பேர், இன்று அந்த வீடுகளில் தொட்டில் கட்டியிருப்பவர்கள் எத்தனை பேர்? ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவள், ஏன் என்று அவளுக்கே தெரியாது, தன் வீட்டு முகவரியைத் தட்டினாள். டாக்வுட் சந்து, ஏழாம் நம்பர். முப்பத்து மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட அதைத் தட்டிப் பார்த்ததில்லை.

சிவப்பு வந்தது.

'மகன், முன்னாள் ராணுவ வீரன். மனநிலை சரியில்லை. ஆயுதம் இருக்கலாம். நெருங்க வேண்டாம்.' 2012. எழுதியவர்: ட்.ஹே.

டெஸ்மண்ட் ஒரே ஒரு நாள் வீட்டு ஜன்னல்களை எல்லாம் உடைத்தான். ஒரே ஒரு நாள். அன்றைக்கு வெர்டெலுக்கு விடுமுறை. இங்கே போன் செய்து ட்வைலாவிடம் அழுதவளே அவள்தான்.

"ட்வைலா," என்றாள். திரையைக் காட்டினாள். "இது என்னடீ?"

ட்வைலா எட்டிப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. "விதிடீ வெர்டெல். நீயா இருந்தாலும் எழுதியிருப்ப."

"பன்னண்டு வருஷம். என் கடலையத் தின்னுக்கிட்டு, அவன் எப்படி இருக்கான்னு தினமும் கேட்டுக்கிட்டு."

"சொல்ல வாய் வரலடீ. நாளைக்கு சொல்லலாம், நாளைக்கு சொல்லலாம்னு... அப்புறம் மறந்தே போச்சு. சத்தியமா மறந்துட்டேன்."

வெர்டெலுக்குக் கோபம் பொங்கியது. கடலைத் தட்டைத் தூக்கி அவள் மூஞ்சியில் எறிந்தால் என்ன என்று இருந்தது. ஆனால் எறிய அவளுக்கு என்ன யோக்கியதை? இருநூற்றுப் பதினான்கு வீடுகளுக்கு அவளும் இதைத்தானே செய்தாள். அந்த வீடுகளிலும் ஒரு அம்மா இருந்திருப்பாள்.

குறிப்பை அழிக்க இரண்டு மாதம் ஆகும். கீழே எழுத யார் அனுமதியும் வேண்டாம். எழுதினாள்.

'அவன் பெயர் டெஸ்மண்ட். கார் ஷெட்டில் இருப்பான். காதில் மூடி போட்டிருப்பான், கத்தினால் கேட்காது. கையில் இருப்பது ஸ்பேனர். ஓரமாக நின்று, அவன் பார்க்கிற வரை பொறுத்து, உங்கள் பெயரைச் சொல்லுங்கள்.' எழுதியவர் என்ற இடத்தில் வெ.ப். என்று போடவில்லை. 'அவன் அம்மா' என்று போட்டாள்.

அதுவும் சிவப்பில்தான் விழுந்தது, பழைய குறிப்புக்கு அடியில். மேலே இருப்பதை முதலில் வாசித்து முடித்தால்தான் இதற்கு வர முடியும். அதற்குள் வண்டி வாசலில் நின்றிருக்கும்.

"இத கடைசி வரி வரைக்கும் வாசிப்பியாடீ?" என்று கேட்டாள்.

"வாசிப்பேன். என் பிள்ளைங்க மேல சத்தியமா வாசிப்பேன்."

"நீ லீவுல இருந்தா?"

ட்வைலா கடலைத் தட்டைத் தள்ளி வைத்தாள். வெர்டெல் போனை எடுத்து வீட்டு நம்பரைப் போட்டுவிட்டு, மணி அடிப்பதை எண்ண ஆரம்பித்தாள்.