இளையபெருமாள் படித்துச் சொன்ன படகுக்காரி

கும்பகோணம் ஞாயிறு வாசகர் வட்டத்தில் பதினொரு பேர். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, ஒரு டியூஷன் சென்டரின் மாடியில், பிள்ளைகள் உட்காரும் குட்டை பெஞ்சுகளில் முழங்காலை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்து பேசுவார்கள். அந்த வருஷம் முழுக்க வெளிநாட்டுக் கதைகள், அதுவும் தமிழில் வந்தவை மட்டும், ஆளுக்கு ஒரு மாதம் என்று சுடர்விழி முறை வைத்திருந்தாள். அவள் கல்லூரியில் தமிழ் நடத்துகிறவள். வட்டத்தையும் அவளேதான் நடத்துகிறாள். ஏப்ரல் மாதத்துக்குப் புத்தகம் சொல்லும் முறை அம்சத்துக்கு வந்தது.

அம்சத்துக்கு அறுபத்திரண்டு வயது. திருப்பனந்தாளுக்குப் பக்கத்து ஊர். அரசுப் பள்ளியில் சத்துணவு சமைத்து ஓய்வு பெற்றவள். அவளை வட்டத்துக்கு இழுத்து வந்தது தையல்காரி ஜன்னத் பீவி. ஜாக்கெட் வாங்கப் போன இடத்தில், பட்டன் வைத்து முடிக்கும்வரை அம்சம் ஒரு பழைய வாரப் பத்திரிகையை எடுத்து, வரிக்கு அடியில் விரலை ஓட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். விளம்பரத்தைக்கூட விடவில்லை. “அக்கா, நீங்க எங்க ஆளு” என்று சொல்லி அடுத்த ஞாயிறே பஸ் ஏற்றிவிட்டாள் ஜன்னத் பீவி.

இரண்டு வருஷமாக வந்தும் அம்சம் அதிகம் பேசியதில்லை. அன்றைக்கு எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

“ஒரு படகுக்காரி கதைங்க” என்றாள். “பனி பெய்யுற நாடு. புருஷன் சண்டைக்குப் போயிடுவான். அவ ஒத்தையா ஆத்துல படகு விடுவா. கூட ஒரு மாமியாக் கிழவி, வாயி ஓயாது.”

“பேரு என்னம்மா?” என்று சுடர்விழி நோட்டைத் திறந்தாள்.

“பனியாற்றுப் படகு.”

“எழுதினது யாரு?”

“அது தெரியலையே. எங்க வீட்டுக்காரரு படிச்சுச் சொன்னது. எனக்கு அப்ப படிக்கத் தெரியாது.”

ஒருவரும் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்கவில்லை. சுடர்விழி போனில் தேடிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற ப்ரியம்வதா எதற்கும் முன்னேற்பாடு உள்ளவள். “கிடைக்கலைன்னா என்கிட்ட மூணு பேரு இருக்கு, எல்லாம் பரிசு வாங்கினது, அதுல ஒண்ண எடுத்துக்கலாம்” என்றாள். “ஒரு மாசம் டைம் இருக்குங்க, தேடிப் பாக்குறேன்” என்று சொல்லிவிட்டு அம்சம் பஸ் பிடித்தாள்.

தேட வேண்டிய இடம் அவளுக்குத் தெரியும். ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அம்சத்துக்கும் இளையபெருமாளுக்கும் கல்யாணமாகி மூன்றாம் வருஷம் ஆற்றில் தண்ணீர் வரவில்லை. நடவு இல்லை, களை இல்லை, கூலி இல்லை. ஊரில் ஒரே ஒருவருக்கு ஆழ்துளைக் கிணறு இருந்தது. அந்த மோட்டார் கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் வேலை இளையபெருமாளுக்குக் கிடைத்தது. வேலையென்றால் கரண்டுக்காகக் காத்திருப்பதுதான். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தவுடன் போட்டுவிட வேண்டும். எட்டாம் வகுப்பு வரை படித்தவன், கும்பகோணத்தில் ஏதோ கண்காட்சியில் பாதி விலைக்குப் போட்டிருந்த ஒரு தடித்த புத்தகத்தை வாங்கி வைத்திருந்தான். மத்தியானம் அம்சம் தூக்குவாளியில் கஞ்சி கொண்டுபோவாள். அவன் குடித்து முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை எடுப்பான்.

கொட்டகைக்குள் கிரீஸ் வாசனையும் ஈரமண் வாசனையும் கலந்திருக்கும். வெளியே வெடித்துக் கிடக்கும் வயல். அவன் பனியைப் பற்றிப் படிப்பான். ஆறு உறைந்து ஆட்கள் அதன்மேல் நடந்துபோவதைப் படித்தபோது அம்சம் நம்பவில்லை.

“ஆத்து மேல நடக்குறாங்களா?”

“நாமளுந்தான் இப்ப நடக்குறோம்” என்றான். இருவரும் சிரித்த சிரிப்பில் கொட்டகை மேலிருந்த காக்கை பறந்துபோனது.

அவளுக்கு மிகவும் பிடித்தது படகுக்காரியின் மாமியார்தான். படகில் ஏறுகிறவனையெல்லாம் வம்புக்கு இழுப்பாள். மருமகள் துடுப்புப் போடும் அழகைக் கேலி செய்வாள். ஒருநாள் அந்தக் கிழவி “சோறு ஆறுது, வாடி” என்று கூப்பிட்டபோது அம்சம் மடக்கினாள்.

“பனி நாட்டுல சோறு ஏதுங்க?”

“எழுதியிருக்கான், நான் என்ன பண்ண?” என்று முகம் மாறாமல் சொன்னான். கரண்டு வந்தது. மோட்டார் உறுமியது. கதை மறுநாளைக்குப் போனது.

ஒரே ஒரு நாள் மட்டும் கரண்டு வராமலே கதை நின்றது. பாதி வரியில் நிறுத்தி, பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து, வரப்பில் வெகுதூரம் போய்விட்டான். மறுநாள் வேறு எங்கிருந்தோ தொடங்கினான். “நேத்து விட்ட எடம் இது இல்லையே” என்றாள் அவள். “ரெண்டு பக்கம் ஒட்டிக்கிச்சு” என்றான். கடைசியில் புருஷன் சண்டையிலிருந்து திரும்பி வந்தான். தாடி வளர்ந்த அவனை அடையாளம் தெரியாமல் “அக்கரைக்கா?” என்று படகுக்காரி கேட்டாள். அந்த ஒற்றைச் சொல்லை நினைத்து நினைத்து அம்சம் பல வருஷம் சந்தோஷப்பட்டிருக்கிறாள்.

அதற்கு ஏழெட்டு வருஷம் கழித்து ஊரில் அறிவொளி வகுப்பு வந்தது. அம்சம் சாயங்காலம் தவறாமல் போனாள். எழுத்துக் கூட்டத் தெரிந்ததும் முதலில் படிக்க நினைத்தது அந்தப் புத்தகத்தைத்தான். பரணில் இல்லை. டிரங்குப் பெட்டியிலும் இல்லை. “நெடுமாறன் கேட்டான், குடுத்துட்டேன்” என்றான் இளையபெருமாள். “கேட்டவுடனே தூக்கிக் குடுத்துடுவீங்களா?” என்று இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். பிறகு வேலை கிடைத்தது, மகள் பூவிழியைப் படிக்க வைப்பது, வீடு கட்டுவது என்று காலம் ஓடியது. இளையபெருமாள் இறந்து மூன்று வருஷம் ஆகிறது.

நெடுமாறன் அவனுடைய சிநேகிதன். திருக்கடையூரில் போட்டோ எடுக்கிறான். கோவிலுக்கு அறுபதாம் கல்யாணத்துக்கு வருகிற தம்பதிகளை நிறுத்தி வைத்து எடுப்பதே அவன் பிழைப்பு. அம்சம் போனபோது ஒரு பெரியவரின் மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் கேமராவை மகனிடம் கொடுத்துவிட்டு ஓடி வந்தான்.

“வாங்க அண்ணி! ஒரு போன் போட்டிருக்கலாமே.”

அவள் வந்த காரியத்தைச் சொன்னாள். அவன் முகம் கொஞ்சம் சுருங்கியது.

“இருக்கு அண்ணி. ஆனா அண்ணன் குடுக்கறப்ப, அம்சம் கேட்டா இல்லேன்னு சொல்லிடுன்னாரு.”

“ஏன்?”

“கேட்டேன். சொல்லல. பத்திரமா வச்சிரு, கெடுத்துடாதன்னு மட்டும் சொன்னாரு. நான் இதெல்லாம் படிக்கற ஆளு இல்ல.” வீட்டுப் பக்கம் அவளைக் கூட்டிக்கொண்டு நடந்தான். “அவரே போயிட்டாரு. இனிமே யாருக்கு ஒளிச்சு வைக்கறது?”

காலண்டர் தாளில் சுற்றிய புத்தகத்தைப் பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தான். மேல் அட்டையும் முதல் தாள்களும் இல்லை. எழுதியவர் பெயரும் அவற்றோடு போயிருந்தது. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள், திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம் என்று படித்தாள். முதல் ஆச்சரியம், மாமியார் இரண்டாம் அத்தியாயத்திலேயே செத்துப் போனது. அதுவும் ஒரே வரியில். சோறு ஆறவில்லை, வம்பு இல்லை, கேலி இல்லை. அவ்வளவையும் இளையபெருமாளே இட்டுக்கட்டியிருக்கிறான் என்று புரிந்ததும் அம்சம் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். கையில் விரித்த புத்தகத்தோடு, முகம் மாறாமல், அந்தக் கிழவிக்கு ஆயுள் கொடுத்துக்கொண்டே போயிருக்கிறான்!

ஏழாம் அத்தியாயத்தில் படகுக்காரிக்கு ஒரு மகன் இருந்தான்.

அவன் சொன்ன கதையில் அவளுக்குப் பிள்ளையே கிடையாது. இங்கே நான்கு வயதுப் பையன். காய்ச்சல் கண்டுவிடுகிறது. வைத்தியர் அக்கரையில். ஆறு படகு ஓடவும் முடியாமல், கால் வைத்து நடக்கவும் முடியாமல் பாதி உறைந்து கிடக்கிறது. விடியும்போது பையன் இல்லை.

அம்சம் விரலை அந்த வரியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் வராத அந்த வருஷத்துக்கு முந்தின தை மாதம் அவளுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்து, ஒன்பதாம் நாள் இறந்துபோனது. பெயர் வைக்கவில்லை. அதன் பிறகு வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பூவிழி பிறந்த பிறகு அது நடக்காத ஒன்று போலவே ஆகிவிட்டது.

அவன் பாதி வரியில் நிறுத்திய பக்கம் இதுதான். அவள் எழுத்துப் படிக்கத் தொடங்கியவுடன் புத்தகம் திருக்கடையூருக்குப் போனதும் இதனால்தான்.

அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. அன்றைக்கு அவன் படத்துக்குப் பூ வைக்கவில்லை. மறுநாளும் வைக்கவில்லை. ‘என்கிட்ட சொல்லியிருக்கலாமே, ரெண்டு பேருமா அழுதிருக்கலாமே’ என்று பாத்திரம் துலக்கும்போதும் முனகினாள். ஆனால் படிப்பதை நிறுத்தவில்லை. படகுக்காரி ஒவ்வொரு நாளும் கரையை விட்டுக் கிளம்பும்போது மகன் பெயரை ஒருதரம் உரக்கச் சொல்கிறாள். படகில் இருக்கிறவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அந்த இடத்தை அம்சம் நான்கு தரம் படித்தாள். புருஷன் கடைசிவரை வரவேயில்லை. அவள் படகு விட்டுக்கொண்டே இருக்கிறாள்.

மார்ச் மாதக் கூட்டத்துக்குப் புத்தகத்தைப் பையில் எடுத்துப் போனாலும், வெளியே எடுக்க மனம் வரவில்லை. ப்ரியம்வதாவின் மூன்றில் ஒன்றுக்குச் சரி சொல்லிவிட்டால் வேலை முடிந்தது.

“கிடைச்சுதாம்மா?” என்றாள் சுடர்விழி.

“கிடைச்சுது. ஆனா நான் சொன்ன கதை இதுல இல்லைங்க.”

அப்புறம் அவளுக்கே தெரியாமல் பேச ஆரம்பித்துவிட்டாள். மோட்டார் கொட்டகை, ஒட்டிக்கொண்ட பக்கம், ஒன்பது நாள் இருந்த குழந்தை எல்லாம் வந்தன. ஜன்னத் பீவி நகர்ந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“தப்பா நினைக்காதீங்க, அம்சம். அவர் மறைச்சது சரின்னு தோணுதா உங்களுக்கு?” என்று ப்ரியம்வதா மெதுவாகக் கேட்டாள்.

“நாலு நாள் ரொம்பக் கோவமா இருந்துச்சுங்க. இந்தப் பொம்பள ஆத்தப் பாத்து அழுவுறா. நான் எதைப் பாத்து அழுவுறது? அந்த வருஷம் ஆத்துல தண்ணியே இல்ல.” அம்சம் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “அப்புறம் யோசிச்சேன். நான் கேக்கறவதான். வாய் விட்டுப் படிக்க வேண்டியவரு அவரு. அவருக்கும்தானே புள்ள செத்துச்சு. எப்படிங்க படிப்பாரு?”

கீழே தெருவில் டவுன் பஸ் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டே போனது. அது ஓய்ந்ததும் சுடர்விழி கேட்டாள்: “அப்ப எதை வைக்கலாம்மா? உங்க முடிவுதான்.”

அம்சம் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து பெஞ்சின் மேல் வைத்தாள். “இதையே வைங்க. உள்ளது உள்ளபடி படிங்க.”

பத்துப் பிரதி ஜெராக்ஸ் எடுத்தார்கள். ஏப்ரல் கூட்டத்துக்கு ஒருவர் பாக்கியில்லாமல் படித்துவிட்டு வந்தார்கள். ப்ரியம்வதா பென்சிலால் கோடு போட்டே ஓரங்களை நிரப்பியிருந்தாள். பேசி முடித்த பிறகு, “இப்ப உங்க வீட்டுக்காரர் கதையைச் சொல்லுங்க” என்று ஜன்னத் பீவி பிடித்துக்கொண்டாள். அம்சம் முக்கால் மணி நேரம் சொன்னாள். சோறு ஆறுகிற இடத்தில் கூட்டமே சிரித்தது. “அக்கரைக்கா?” என்று அவள் சொன்னபோது ப்ரியம்வதா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அச்சிலிருப்பதே பெரிய கதை என்று சுடர்விழி சொன்னாள். கிழவி இல்லாத கதை தனக்கு வேண்டாம் என்றாள் ஜன்னத் பீவி. கடைசிவரை இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

அன்று சாயங்காலமே அம்சம் கோயம்புத்தூரில் இருக்கும் பூவிழிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள்.

“எனக்கு முன்னாடி ஒரு அண்ணனாம்மா? முப்பத்தாறு வருஷமா எனக்குத் தெரியாதா?”

“யாரும் சொல்லல. நானும் சொல்லல.”

“எப்படி இருந்தான்?”

இந்தக் கேள்வியை அம்சத்திடம் யாருமே கேட்டதில்லை. “உங்கப்பா காது” என்றாள். “விடைச்சுக்கிட்டு நிக்கும். பால் குடிக்கறப்ப ஒரு கையால என் தாலியப் புடிச்சுக்குவான்.”

அடுத்த சனிக்கிழமை பூவிழி ஊருக்கு வந்தாள். குழந்தையைப் புதைத்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். வாய்க்கால் கரையோரம் இருவரும் நடந்துபோனார்கள். அங்கே இப்போது யாரோ தேக்கங்கன்று வைத்திருந்தார்கள். எந்த இடம் என்று அம்சத்தால் சரியாகச் சொல்ல முடியவில்லை. சும்மா நின்றார்கள். திரும்பும்போது அம்சம் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த ஒன்பது நாளில் ஒவ்வொரு நாளையும் ஞாபகப்படுத்திச் சொல்லிக்கொண்டே வந்தாள். வீட்டு வாசலுக்கு வந்தபோது ஐந்தாம் நாள்தான் முடிந்திருந்தது.