உரக்கப் பேசிய வீடு

பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய் வெதுவெதுப்பாகக் காதுக்குள் இறங்கி, சிறிது நேரத்தில் தொண்டையில் கசக்கும். காதில் விட்டது தொண்டைக்கு வருவது எல்லோருக்கும் இயல்பென்றே ஒன்பது வயதில் நான் நம்பியிருந்தேன். சளி முற்றிச் சீழ் வடிந்த என் இரு காதுகளுக்கும் அம்மா செய்த மருத்துவம் அது.

திருவொற்றியூரில் எங்கள் வீட்டில் யாரும் மெல்லப் பேசியதில்லை. 'நைனா' என்று நாங்கள் அழைத்த அப்பா, கொதிகலன் பட்டறையில் இரும்புத் தகடு தட்டுபவர். அவருக்குக் கேட்க வேண்டுமென்று அம்மா கத்துவார், அம்மாவை மிஞ்சித் தம்பி கத்துவான். அந்த இரைச்சலில் என் காது மந்தமானதை ஒருவரும் அறியவில்லை, நானும்தான்.

மென்குரலில் பாடம் நடத்தும் புதிய ஆசிரியை வந்த பிறகு நான் 'கவனமில்லாதவள்' ஆனேன். நான்காம் வகுப்பிலேயே இன்னும் ஓராண்டு இருக்கட்டும் என்று சொல்லியனுப்பினார்கள். அம்மா பள்ளிக்கே போய் வாதாடினார்: "வூட்ல ஒரு கொரல் குட்த்தா ஓடியாருது டீச்சர், உங்களாண்ட மட்டும் எப்டி கேக்காம பூடும்?" அந்த உரத்த குரலைக் கேட்ட ஆசிரியை, யோசித்து, காது மருத்துவரிடம் காட்டச் சொன்னார்.

மருத்துவர் தாளில் வரைந்து காட்டினார். ஒலி மோதும்போது அதிரும் மெல்லிய சவ்வே செவிப்பறை. அந்த அதிர்வை மூன்று சிற்றெலும்புகள் உட்காதுக்குக் கடத்துகின்றன. என் சவ்வுகளில் ஓட்டை விழுந்திருந்தது; எண்ணெய் தொண்டைக்கு இறங்கியது அதன் வழியேதான். தண்ணீரும் எண்ணெயும் படாவிட்டால் ஓட்டை தானாகவே மூடிக்கொள்ளக்கூடும் என்றார். அம்மா முதன்முறையாக மெல்ல ஏதோ கேட்டார். எனக்கும் கேட்கவில்லை, உடன் வந்திருந்த நைனாவுக்கும் கேட்கவில்லை. "உங்களால வரலம்மா, சளியால வந்தது. இனிமே எண்ணெய் விடாதீங்க" என்று மருத்துவர் உரக்கச் சொன்னபோதுதான் கேள்வி புரிந்தது.

"இன்னா சார்?" என்று ஓயாமல் கேட்ட நைனாவின் காதையும் அவர் பார்த்தார். சவ்வு பழுதின்றி இருந்தது. "பாத்தியா, என் ஜவ்வு புத்சா கீது" என்று நைனா பெருமைப்பட்டார். சம்மட்டியோசை தேய்த்திருந்தது உள்ளிருந்த நரம்பை. அது மீண்டும் வளராது. அந்தப் பட்டறையில் காதடைப்பான் கொடுத்தவருமில்லை, கேட்டவருமில்லை என்பது வளர்ந்த பின்னரே எனக்கு உறைத்தது.

மூன்று மாதம் பஞ்சடைத்துக் குளித்தேன். ஒரு மாலை சாப்பிடும்போது, "ஏன் நைனா கத்தற?" என்றேன். அம்மா பரிமாறுவதை நிறுத்திவிட்டு அழுதார். ஐந்தாம் வகுப்புக்கும் போனேன்.

இன்று பட்டறை இருந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கிறது. தகடு தட்டும் ஓசை தெருவிலிருந்தே போய்விட்டது. நைனாவின் காதுக்குப் பின்னால் சிறு கருவி பொருத்தியிருக்கிறோம். போன வாரம் பழைய பழக்கத்தில் நான் குரலை உயர்த்தியபோது, அவர் முகத்தைச் சுளித்தார்.

"மெதுவா பேசும்மா. எனுக்கு காது கேக்குதுல்ல."