உளுந்து தெளிக்காத மூன்று மா

எங்கள் கால்பந்து கிளப்பின் மைதானத்தில் ஆடியிலிருந்து தை வரை நெல் நிற்கும். மற்ற மாதங்களில் நாங்கள் நிற்போம்.

எங்கள் பக்கத்தில் சம்பா அறுப்புக்குச் சில நாள் முன்பே, நிற்கிற பயிருக்குள் இறங்கி உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். அறுத்து முடிக்கும்போது தாளுக்கு நடுவே முளை எட்டிப் பார்க்கும். மாசியில் மாயவரம் பஸ்ஸிலிருந்து பார்த்தால் கண்ணுக்கெட்டிய வரை பச்சை. அந்தப் பச்சையின் நடுவில், வாய்க்காலை ஒட்டி, வைக்கோல் நிறத்தில் ஒரு துண்டு மட்டும் மொட்டையாகக் கிடக்கும். மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர். அதைக் குத்தகைக்குச் சாகுபடி செய்தவர்தான் எங்கள் சென்டர் பேக். கிளப் ஆரம்பித்த நாளிலிருந்து அவர் வேறு எந்த டீமுக்கும் ஆடியதில்லை. நாங்கள் ஆட வேண்டும் என்பதற்காகவே வருஷா வருஷம் அந்த மூன்று மாவில் உளுந்து தெளிக்காமல் விட்டார். இப்படி ஒரு ஆளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

மைதானத்துக்கு நாலு பக்கமும் வரப்பு. வரப்புக்கு அந்தப் பக்கம் அடுத்தவர் உளுந்து. பந்து தாண்டிவிட்டால் ஆட்டம் நிற்கும். ஓடிப்போய் எடுக்க யாருக்கும் அனுமதி இல்லை. அவர் ஒருவர்தான் இறங்குவார். ஒரு செடி சாயாமல், கொக்கு மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைத்துப் போய் எடுத்து வருவார். அதுவரை அடித்தவன் தலையைக் குனிந்துகொண்டு நிற்க வேண்டும். அதனாலேயே எங்கள் ஆட்கள் பந்தைத் தரையோடு தரையாக வைத்து ஆடப் பழகினார்கள். எங்களுக்குக் கோச் என்று யாரும் இல்லை. உளுந்துதான் கோச்.

நான் காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். ஆடத் தெரியாது, பேசத் தெரியும். பொதுக்கூட்டம் ஒன்று விடாமல் கேட்டு வளர்ந்ததால் மைக் கிடைத்தால் அடுக்குமொழி கொட்டும். "களம் கண்ட காளை! காலால் கட்டிய கோட்டை!" என்று ஒருமுறை அவரைப் பற்றி முழங்கினேன். ஆட்டம் முடிந்து வந்தவர், "தம்பி, கோட்டை கொத்தளமெல்லாம் வேண்டாங்க. பந்து எங்க கெடக்குன்னு மட்டும் சொல்லுங்க" என்றார்.

கிளப்பில் பாதிப் பேர் செங்கொடி, மீதிப் பேர் கறுப்பு சிவப்பு. பனியன் என்ன நிறம் என்பதில் அடிதடி வரப்போனது. அவர்தான் எல்லாப் பனியனையும் வாங்கிக்கொண்டு போய்ச் சலவை நீலத்தில் முக்கிக் காயப்போட்டார். அன்றிலிருந்து எல்லோரும் நீலம்.

கூலி கேட்டு அறுவடையை நிறுத்திய காலம் அது. ஊருக்கு ஊர் போலீஸ் வேன். குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. பதிவாவதற்குள் ஆளைக் கிளப்பிவிடப் பல மிராசுதார்கள் முனைந்தார்கள். அந்த மூன்று மாவுக்குச் சொந்தக்காரரான எங்கள் மிராசுதார் டவுனில் ஒரு கிளப் நடத்திவந்தார். புல் தரை, கோலுக்கு வலை, ஆளுக்கொரு பூட்ஸ். இல்லாதது ஒரு நல்ல சென்டர் பேக்.

மார்கழியில் மிராசுதாருடைய காரியக்காரர் வயலுக்கு வந்தார். நானும் அங்கே வரப்பில் இருந்தேன்.

"என்னப்பா, ஐயா ஒன்னையேதான் கேட்டுக்கிட்டிருக்காங்க. பங்குனி டோர்னமெண்ட்டுக்கு நம்ம டீம்ல நின்னுடு. ஒம் பேரைப் பதியறதுக்கு ஐயா தடை சொல்ல மாட்டாங்க."

"நிக்கலைன்னாங்க?"

"நஞ்சையைத் தரிசாப் போட்டுப் பந்தடிக்கிறவனுக்கு எதுக்கு நிலம்னு மனு போவும். சாகுபடி பண்ணாதவன் குத்தகைதாரனா? நீயே சொல்லு."

அவர் மண்வெட்டியை வாய்க்காலில் அலசினார். "இந்த வருஷம் உளுந்து தெளிச்சிடுறேங்க. ஆட்டம் நம்ம பசங்களோடதாங்க."

எனக்கு ஒரு பக்கம் சிலிர்த்தது, ஒரு பக்கம் இடி விழுந்தது. ஆள் இருக்கிறார், மைதானம் போச்சு! விஷயத்தைக் கேட்ட அவர் மனைவிதான் சத்தமாகச் சிரித்தார். "வருஷா வருஷம் நான் தொண்டை கிழியக் கேட்டேன், தெளிக்கல. காரியக்காரர் ஒரு தடவை சொன்னாரு, தெளிக்கிறாராம். நானும் ஒரு மனு போட்டிருக்கணும் தம்பி."

டீமே இறங்கி உளுந்து தெளித்தது. பயிற்சி வற்றிய ஆற்று மணலுக்குப் போனது. கணுக்கால் புதையும் மணலில் பந்து உருளவே உருளாது. பகலெல்லாம் வயலில் குனிந்து நிமிர்ந்த மனிதர் சாயங்காலம் அந்த மணலில் எங்கள் எல்லோருக்கும் முன்னால் ஓடினார்.

மாசியில் தாலுகா அதிகாரி விசாரணைக்கு வந்து வரப்பில் நின்றார். வயல் பச்சைப்பசேல் என்றிருந்தது. "போன வருஷம் வரைக்கும் இது கிரவுண்டு சார்" என்றார் காரியக்காரர்.

"அப்படியா? பந்து ஆடினீங்களா?" என்று எங்கள் சென்டர் பேக்கைப் பார்த்துக் கேட்டார் அதிகாரி.

இல்லை என்று சொல்லிவிடுங்கள் என்று மனசுக்குள் கத்தினேன்.

"ஆடுனோம் சார். நெல்லறுத்து, குத்தகையை அளந்துட்டு ஆடுனோம்."

கூடியிருந்த செங்கொடிக்காரர்களும் கறுப்பு சிவப்புக்காரர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அந்த இரண்டு கோஷ்டியும் ஒரே குரலில் பேசி நான் கேட்டது அன்றுதான். அதிகாரி குறித்துக்கொண்டு ஜீப் ஏறிவிட்டார்.

முடிவு தெரியாமலே பங்குனி வந்தது. இறுதி ஆட்டம் மிராசுதாரின் கிளப்போடு, அவர்களுடைய புல் தரையில். அன்று காலை காரியக்காரர் ஒரு புது ஜெர்சியோடு வந்தார். "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போவல. இதப் போட்டுக்க. மனுவை ஐயா திருப்பி வாங்கிக்குவாங்க."

அவர் அதை வாங்கி, விரலால் துணியைத் தேய்த்துப் பார்த்தார். "நல்ல துணிங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, நீலப் பனியனைத் தலைவழியே மாட்டிக்கொண்டார். அவ்வளவுதான். நிலம் போகலாம் என்று தெரிந்த ஒரு மனிதர் இத்தனை சாதாரணமாகச் சட்டை மாட்ட முடியுமா?

இரண்டாம் பாதியில் மூன்று பேர் அவரை எல்லைக் கோட்டோரம் நெருக்கினார்கள். வேறு யாராக இருந்தாலும் பந்தை வெளியே உதைத்திருப்பார்கள். "வெளிய அடி! வெளிய அடி!" என்று கூட்டம் அலறியது. அவர் அடிக்கவில்லை. உள்ளங்காலால் பந்தை இழுத்தார், ஒருவன் ஏமாந்தான். இடுப்பைத் திருப்பினார், இன்னொருவன் விழுந்தான். மூன்றாமவன் காலுக்கிடையில், மடை வழியே தண்ணீர் போவதுபோல், பந்து போயிற்று. அதன் பின்னாலேயே வெறுங்காலோடு அவரும் வந்தார். என் கையில் மைக் இருந்தது. அதை வாயருகே கொண்டுபோக மறந்துபோயிருந்தேன்.

"டேய், மைக்கு அவிஞ்சு போச்சா?" என்று யாரோ கத்தினார்கள்.

கடைசி நேரத்தில் எங்கள் லெஃப்ட் பேக் அதே இடத்தில் மாட்டிக்கொண்டான். அவனுக்கும் காலை வெளிப்பக்கம் வீச வரவில்லை. பந்தை உள்ளேயே வைத்திருக்கப் பார்த்துப் பறிகொடுத்தான். கோல். அந்த ஒரு கோலில் தோற்றோம்.

"வெளிய அடிச்சிருக்கலாம்ண்ணே" என்று அழுதான். "அங்க ஒண்ணுமே இல்லண்ணே. வெறும் தரைதாண்ணே."

"காலுக்கு அது தெரியாதுல்ல. விடுறா" என்றார். வியர்வையில் பனியன் சாயம் இறங்கி அவர் கழுத்தும் கையும் நீலமாக இருந்தன.

வைகாசியில் குத்தகை அவர் பெயரில் பதிவானது. நெல் சாகுபடி தவறவில்லை, கோடையில் உளுந்து தெளிக்காதது குற்றமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அடுத்த தை. எல்லோரும் உளுந்து தெளிக்கிறார்கள். நாங்கள் பந்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு வரப்பில் நிற்கிறோம். அவர் மனைவி விதைக் கூடையோடு பயிருக்குள் இறங்கினார். சரி, முடிந்தது என்று திரும்பிவிட்டோம்.

அறுப்பு முடிந்த பிறகு போய்ப் பார்த்தால், நாலு வரப்போரமும் ரிப்பன் கட்டியதுபோல் பச்சை. நடுவில் மொட்டை.

"ஓரம் எனக்கு, நடு ஒங்களுக்கு" என்றார் அந்த அம்மாள். "எவனாவது மிதிச்சீங்க, காலை ஒடிச்சிருவேன்."

முதல் நாளே லெஃப்ட் பேக் அடித்த பந்து அந்த ஓரத்தில் போய் விழுந்தது. ஆட்டம் நின்றது. எல்லோரும் எங்கள் சென்டர் பேக்கைப் பார்த்தோம். "இதுக்கு நான் எறங்க மாட்டேம்ப்பா" என்று அவர் கையைக் கட்டிக்கொண்டார்.

அந்த அம்மாள் புடவையை எடுத்துச் செருகிக்கொண்டு தாமே இறங்கினார். ஒரு செடி சாயவில்லை. காலைத் தூக்கித் தூக்கி, அதே கொக்கு நடை. எங்கள் சென்டர் பேக் அதை எங்கே கற்றுக்கொண்டார் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.