மேஸ்திரிக்கு வேர்த்த நாள்

அந்த மீன் கிடங்கின் உறைகூடத்தில் குளிரை அளக்க சுவரில் ஒரு மீட்டர் உண்டு. அதை யாரும் நம்புவதில்லை. ஒரு கோடையில் அது பொய் சொல்லி ஒரு லோடு இறால் நாறிப்போனதிலிருந்து மேஸ்திரியின் மூக்குதான் மீட்டர். மூக்கு நுனி குளிரில் சிவந்திருந்தால் குளிர் மிஷின் நலம்.

அந்த மேஸ்திரிக்குப் புராஸ்டேட்டில் புற்றுநோய் வந்தது. கட்டிக்குத் தீனி ஆண் ஹார்மோன்தான், அதை நிறுத்தினால் அடங்கும் என்று டாக்டர் ஊசியும் மாத்திரையும் கொடுத்தார். கட்டி அடங்கியது. கூடவே மேஸ்திரியும் அடங்கினார். ஒரே மூச்சில் தூக்கிய பெட்டிக்கு இரண்டு மூச்சு தேவைப்பட்டது. மார்பு வீங்கி, சட்டை உரசினாலே வலித்தது. சோப்பு விளம்பரத்தில் குழந்தை சிரித்தால் இவருக்குக் கண் கலங்கியது. கட்டிலில் மனைவிக்கும் அவருக்கும் நடுவே தலையணை வைத்தாலும் ஒன்றுதான், வைக்காவிட்டாலும் ஒன்றுதான். மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது. மீசைக்காரர்களை அதட்டி வேலை வாங்குகிறவர். வெளியே தெரிந்தால் மானம் கப்பலேறிவிடும். அடுத்த ஊசிக்குப் போவதில்லை என்று மனதுக்குள் முடிவே கட்டிவிட்டார். அதை மனைவியிடமும் சொல்லவில்லை.

ஒரு காலை உறைகூடத்துக்குள் நிற்கும்போது கழுத்திலிருந்து குப்பென்று சூடு ஏறியது. மேஸ்திரி கம்பளிக் கோட்டைத் திறந்துவிட்டு நெற்றி வியர்வையை வழித்து உதறினார். பெட்டி அடுக்கியவர்கள் அப்படியே நின்றார்கள். மேஸ்திரிக்கே வேர்க்கிறதென்றால் மிஷின் போச்சு.

முதலாளி ஓடி வந்தார். மீட்டர் மைனஸ் பதினெட்டு காட்டியது, அதன் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. போன வாரம் சர்வீஸ் செய்துவிட்டு, அன்று மறுபடி மிஷினைப் பார்க்க வந்திருந்த மெக்கானிக் மாட்டிக்கொண்டார்.

"என்னத்தய்யா சர்வீஸ் பண்ணின? உள்ள நிக்கிறவருக்கு வேர்க்குது. நாளையிலேர்ந்து வராத."

"மிஷின் நல்லாத்தாங்க ஓடுது," என்றார் மெக்கானிக். பேசும்போது குளிரில் வாயிலிருந்து புகை வந்தது. அதையும் யாரும் பார்க்கவில்லை.

வாயைத் திறந்தால் தன் மானம் போகும், மூடிக்கொண்டால் மெக்கானிக்கின் பிழைப்பு போகும். மேஸ்திரிக்குப் பாழாய்ப்போன கண்ணீர் வேறு முட்டியது.

"மிஷினுக்கு ஒண்ணுமில்லீங்க, கோளாறு எனக்கு. கேன்சர். ஆம்பள ஹார்மோன நிறுத்த ஊசி போடுறாங்க. மாதவிலக்கு நிக்கிற வயசுல பொம்பளைங்களுக்கு உடம்பு காந்தும்ல, அதேதான். மாரு வேற வீங்கியிருக்கு. போதுமா, இன்னும் சொல்லணுமா?"

யாரும் சிரிக்கவில்லை. முதலாளி மீட்டர் பக்கம் போய் அதை வெகுநேரம் படித்தார்.

மெக்கானிக் தோளிலிருந்த துண்டை மேஸ்திரியிடம் நீட்டினார். "எங்கப்பாவுக்கும் இதே ஊசிதாண்ணே. ரெண்டு தடவ போட்டாரு. வெக்கமா இருக்குன்னு அப்புறம் போகல."

"இப்ப எப்படி இருக்காரு?"

"போன மாசந்தான் தெவசம் கொடுத்தோம்ணே," என்று மெக்கானிக் கருவிப் பெட்டியை மூடினார்.

மேஸ்திரி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வையோடு கண்ணும் துடைபட்டது.

"வெள்ளிக்கிழமை எனக்கு லீவு வேணுங்க," என்றார் முதலாளியிடம். "ஊசி போடணும்."