மூன்று டப்பா கஃப்லிங்க்

மாமாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே, ஓசூரில் அவர் குடியிருந்த வீட்டின் ஓனர் எனக்குப் போன் செய்தார். மாதக் கடைசிக்குள் காலி செய்து கொடுத்தால் நல்லது, ஆள் கேட்டிருக்கிறார்கள் என்றார். சொல்ல அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொல்லிவிட்டார்.

மாமா என் அம்மாவின் தம்பி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கோவில்பட்டிப் பக்கமிருந்து இருபது வயதில் இங்கே வந்து, ஒரு கம்பெனியில் மெஷின்களுக்கான அச்சும் கருவியும் செய்யும் டூல் ரூமில் சேர்ந்து, அங்கேயே ரிட்டையர் ஆனார். டிப்ளமா முடித்த என்னை ஓசூருக்குக் கூட்டிவந்து வேலை தேடிக் கொடுத்ததும் அவர்தான். நான் வேறொரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர் ஆனேன். ராயக்கோட்டைக்காரரைக் கட்டிக்கொண்டு இங்கேயே இருந்துவிட்டேன். அம்மாவுக்கு முட்டிவலி, ஊரைவிட்டு வர முடியாது. அதனால் வீட்டைக் காலி செய்யும் வேலை எனக்கும் என் கணவருக்கும் வந்தது.

அதிகச் சாமான் இல்லை. கட்டில், ஒரு பீரோ, குக்கர், அரைக்கைச் சட்டைகள் பதினைந்து. பீரோவின் கீழ்த்தட்டில் மூன்று பெரிய பிஸ்கட் டப்பாக்கள் இருந்தன. தூக்கும்போதே கனம் கையை இழுத்தது. திறந்தால் உள்ளே துணியில் சுற்றிய கஃப்லிங்க்குகள். முழுக்கைச் சட்டையில் மணிக்கட்டுப் பகுதியைப் பொத்தானுக்குப் பதிலாகக் கோத்துப் பூட்டுவார்களே, அந்த ஜோடி. அவற்றோடு டை பின்கள், ஒரு வெள்ளிப் பொத்தான் செட், பெல்ட் பக்கிள்கள், தாத்தாவின் மோதிரம் ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாமா பெங்களூருக்குப் போவார். அங்கே பழைய சாமான் சந்தையில் சுற்றுவார் என்பது எனக்குத் தெரியும். என்ன வாங்குகிறார் என்று நான் கேட்டதில்லை. டை கட்டி ஒரு நாளும் அவரைப் பார்த்ததில்லை. முழுக்கைச் சட்டையே அவரிடம் கிடையாது.

அம்மாவிடம் போனில் சொன்னேன்.

"ஆம்பள சாமான வச்சு நீ என்ன செய்யப்போற? வித்துப்போடு தாயி. மோதிரத்த மட்டும் எனக்கு அனுப்பு. அது எங்கய்யா போட்டிருந்தது" என்றாள்.

சாப்பாட்டு மேசையில் பேப்பர் விரித்து மூன்று சாயங்காலம் பிரித்தேன். கம்பெனியில் செய்கிற பழக்கம்தான். நல்லது ஒரு தட்டு, பழுது பார்க்க வேண்டியது ஒரு தட்டு, தேறாதது ஒரு தட்டு. ஆச்சரியம் என்னவென்றால் மூன்றாவது தட்டில் ஒன்றுகூட விழவில்லை. கஃப்லிங்க் எல்லாம் ஜோடி ஜோடியாக, துடைத்து, திருகாணி இறுக்கி, அன்றைக்கே போட்டுக்கொண்டு கிளம்பலாம் போல இருந்தன.

பஜாரில் நகைக்கடைக்காரர் வெள்ளிப் பொத்தான்களை மட்டும் உரசிப் பார்த்து எடுத்துக்கொண்டார். மற்றதைத் தள்ளிவிட்டார். "எல்லாம் பித்தளைம்மா. மேல பூச்சு." என் கூட வேலை பார்க்கும் ஒரு பெண்தான், பெங்களூரில் இந்த மாதிரிப் பழைய பொருள்களுக்கென்றே கடைகள் இருக்கின்றனவே என்று சொல்லி ஒரு கடைக்கு வழியும் சொன்னாள்.

அந்தக் கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். வீட்டுப் பேச்சு கன்னடம், தமிழும் சரளமாக வந்தது. கண்ணில் லென்ஸ் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ஜோடியா இருக்கறதாலதாம்மா எடுத்துக்கறேன். ஒண்ணு தொலைஞ்சு போனா அது குப்பை. எவனும் வாங்கமாட்டான்."

நாற்பது ஜோடி எடுத்துக்கொண்டார். நான் எதிர்பார்த்ததைவிட நல்ல விலை கொடுத்தார். யாருடையது என்று கேட்டார். சொந்தக்காரருடையது என்றேன். அதற்குமேல் அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது ஒரு வேலை முடிந்த நிம்மதிதான் இருந்தது.

அடுத்த வாரம் மாமாவோடு டூல் ரூமில் இருந்த நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். சேலத்துக்காரர், அவரும் ரிட்டையர் ஆனவர். மாமாவிடம் இரவல் வாங்கிய மைக்ரோமீட்டரைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தார். விற்காமல் மீந்திருந்த ஜோடிகள் மேசைமேல் தட்டில் கிடந்தன. ஒரு ஜோடியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இதுல அவன் செஞ்சது எது கண்ணு?"

எனக்குப் புரியவில்லை.

"உங்க மாமா எங்க ஜோடியா வாங்குனான்? ஒத்தையாக் கெடக்கறதாப் பொறுக்கிக்கிட்டு வருவான். இன்னொண்ண அவனே செய்வான். மதியம் சாப்புட்டுட்டு அரை மணி நேரம், லேத்துல, ஸ்கிராப் பித்தளையில. பூச்சுப் போடறதுக்குத் தெரிஞ்ச எடம் வச்சிருந்தான். செஞ்சதுக்குப் பின்னால ஒரு புள்ளி குத்துவான். எது தன்னுதுன்னு தனக்குத் தெரியணுமாம்."

லென்ஸ் எடுத்து வந்து பார்த்தேன். இருந்தது. ஜோடியில் ஒன்றின் பின்பக்கத்தில், சட்டையில் பூட்டும் கால் மடங்கும் இடத்துக்குக் கீழே, ஊசி முனையளவு ஒரு புள்ளி. மற்றதில் இல்லை. வேலையில் மைக்ரான் கணக்கில் குறை கண்டுபிடிக்கிறவள் நான். மூன்று சாயங்காலம் கையில் வைத்திருந்தும் எனக்குத் தெரியவில்லை.

"எதுக்கு இப்படிச் செஞ்சாரு?" என்று கேட்டேன்.

அவர் ஜோடியைத் தட்டில் திரும்ப வைத்தார். "ஞாயித்துக்கெழமைய ஓட்டணுமில்ல" என்றார். பிறகு காபியைக் குடித்துவிட்டு, மருந்துக்கடைக்குப் போக வேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

அன்று முழுக்க அந்த நாற்பது ஜோடி மனதைவிட்டுப் போகவில்லை. கணவரிடம் சொன்னேன்.

"அவுரேதான லென்சு வச்சிப் பாத்து எடுத்துக்கினாரு? நீ ஒண்ணும் ஏமாத்தல. உடு" என்றார்.

அவர் சொல்வதும் நியாயம்தான். ஆனால் என் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. தப்பான ஒரு பார்ட் வெளியே போய்விட்டது என்று தெரிந்தால், வாங்கியவன் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்கக் கூடாது, நாமே சொல்லிவிட வேண்டும். அதற்கும் மேல் ஒன்று இருந்தது. மாமா யாரையும் ஏமாற்றுவதற்காக அதைச் செய்யவில்லை. புள்ளி குத்தி வைத்தவர் அவர். என் கை வழியாகப் போய் அவை ஏமாற்றுச் சரக்காக ஆகிவிடக் கூடாது என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை, வாங்கிய பணத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு போனேன். கணவரும் கூட வந்தார். கடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"முப்பது வருஷம் இதே தொழில்ல இருக்கேன்மா. எனக்குத் தெரியாமப் போகுமா?"

தட்டை எடுத்து வைத்து அவரே லென்ஸால் தேடினார். முதல் ஜோடியில் புள்ளி இருந்தது. இரண்டாவதிலும். நீலக்கல் பதித்த ஒன்று அவருக்கு ரொம்பப் பிடித்துப்போய்த் தனியாக எடுத்து வைத்திருந்தார். அதை அசல் என்று அடித்துச் சொன்னார். அதிலும் இருந்தது. லென்ஸைக் கழற்றிக் கீழே வைத்தார். கோபமா, ரோஷமா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"யாரும்மா இது செஞ்சது?"

"எங்க மாமா. ஓசூர்ல இருந்தாரு. இங்க ஞாயித்துக்கிழமை வருவாரு."

"அரைக்கைச் சட்டை? ஒல்லியா, கையில மஞ்சப் பையி?"

ஆமாம் என்றேன். அவர் எழுந்து கடை வாசலுக்குப் போய், எதிரே நடைபாதையில் பழைய கடிகாரம் விற்கிறவரைக் கூப்பிட்டுக் கன்னடத்தில் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்ட சொற்கள் இரண்டுதான். ஒண்டி சார். கடிகாரக்காரர் கடையை அப்படியே விட்டுவிட்டு உள்ளே வந்தார்.

எந்தக் கடைக்குப் போனாலும் மாமா முதலில் கேட்கிற கேள்வி, ஒற்றை ஏதாவது இருக்கிறதா என்பதாம். கன்னடத்தில் ஒண்டி. அதனால் சந்தையில் அவருக்கு அதுவே பெயர். ஜோடி தொலைந்து ஒற்றையாக வருகிறதை எல்லாம் அவருக்கென்று ஒரு டப்பாவில் போட்டு வைப்பார்களாம். டீ விலைக்குத்தான் கொடுப்பார்களாம்.

"நாலு மாசமா ஆளக் காணோமேன்னு பாத்தோம்" என்றார் கடிகாரக்காரர். "ஊருக்குப் போயிட்டாருன்னு நெனச்சோம்."

மாமா இறந்துவிட்டதைச் சொன்னேன். கடைசி இரண்டு மாதம் படுக்கையில் இருந்ததையும் சொன்னேன். இருவரும் நின்றபடியே கேட்டார்கள். கடிகாரக்காரர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். சாவுக்கு நாங்கள் சொந்தம், அக்கம்பக்கம், பழைய கம்பெனி ஆட்கள் எல்லோருக்கும் தகவல் சொல்லியிருந்தோம். முப்பது வருஷம் வாரா வாரம் பார்த்த மனிதர்கள் இங்கே இருந்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியாமலே போயிற்று. அதை நினைத்து அங்கே எனக்கு அழுகை வந்துவிட்டது. காரியத்தின்போதுகூட நான் அவ்வளவு அழவில்லை.

பிறகு எல்லோரும் டீ குடித்தோம். பணத்தை நீட்டினேன். கடைக்காரர் வாங்கவில்லை.

"இருக்கட்டும். இனிமே சொல்லித்தான் விப்பேன். ஒண்ணு பழசு, ஒண்ணு செஞ்சதுன்னு. வேணுங்கறவன் வாங்கட்டும்."

நீலக்கல் ஜோடியை மட்டும் என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். அதை எடுத்துக்கொண்டு போய்ச் சேலத்து நண்பரிடம் கொடுத்தேன். அவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வீட்டில் மீந்திருந்தவற்றைக் கடிகாரக்காரர் அடுத்த மாதமே எடுத்துக்கொண்டார். சொல்லி விற்றும் நன்றாகவே போகிறதாம்.

மோதிரத்தை அனுப்பியபோது அம்மாவுக்கு நடந்ததையெல்லாம் போனில் சொன்னேன். மாமா லேத்தில் செய்தது, கடைக்காரரே ஏமாந்தது, எல்லாம். அவள் சிரித்தாள். சின்ன வயதில் அவளுடைய தொலைந்த கொலுசுத் திருகாணிக்குப் பதிலாகத் தம்பி ஒரு கம்பியை வளைத்து மாட்டிவிட்டானாம். சந்தையில் தம்பியை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. கன்னடத்தில் அது வெறும் ஒற்றைதான். அம்மாவின் காதில் அது அப்படி விழாது.